அக்கா வீட்டுப் பச்சைத் தண்ணீர்

1

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு ஒருவர் தீ வைத்தார்.

பயப்பட வேண்டாம், நகராட்சி அனுப்பிய ஆள்தான். எங்கள் தெருவில் பூமிக்கடியில் கிடந்த பழைய குழாய்களை மாற்றினார்கள். மாற்றியபின் வீடு வீடாக வந்து தண்ணீரைச் சோதிப்போம் என்று ஒரு கடிதம் வந்தது. வரும் நாளைச் சொல்லி இன்னொரு கடிதம். அந்த நாளில் வர முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்து மூன்றாவது. இங்கிலாந்தில் ஆள் ஒரு தடவை வருவதற்குள் கடிதம் மூன்று தடவை வந்துவிடும்.

வந்தவர் பையிலிருந்து ஊதுவிளக்கு ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, குழாயின் வாயை நன்றாகச் சுட்டார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காகிதத் தொப்பி கட்டிய ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். என் மகள் கயல்விழி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் பேச வேண்டுமென்றால் தலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கும். அது முகத்தில் தெரியும்.

"அப்பா, அவர் டேப்பைச் சமைக்கிறார்" என்றாள்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். என் அக்கா வீட்டில் நானும் ஒருமுறை இப்படிக் குழாயைச் சுட்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். "அருமை" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். இந்த ஊர்க்காரர்கள் 'அருமை' என்றால் பேச்சை முடித்துக்கொள் என்று பொருள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் பிடித்தது. அவரிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கென்றால் தண்ணீரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அலுக்காது.

2

நான் திருச்சுழிப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊரில் தண்ணீரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. இன்னொன்று நல்ல தண்ணி. குடிக்க, சோறு பொங்க. பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, தொண்டையில் இனிப்பாக இறங்குகிறதா, இவ்வளவுதான் பரீட்சை. மூன்றிலும் தேறினால் அது நல்ல தண்ணி. ஊருணித் தண்ணீர் மூன்றிலும் முதல் வகுப்பில் தேறியது.

அறுபதுகளின் நடுவில் இங்கே வந்து இறங்கிய முதல் நாள், தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் "நல்ல தண்ணீர் எந்தக் குழாயில் வரும்?" என்று கேட்டேன். அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கேட்டேன். அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. "என் வீட்டில் கெட்ட தண்ணீர் கிடையாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பாஷை இப்படியும் காலை வாரும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அது எதிர்ப்பக்கமாகவும் வாரும் என்று தெரியவில்லை.

வந்த சில வருஷங்களில் ஆஸ்பத்திரிச் சோதனைச்சாலையில் வேலை நிலைத்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கிருமி எண்ணும் வேலை. ஒரு மனிதனைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. கோயில் தீர்த்தத்தைக் கண்டால்கூட அதில் என்னென்ன நீந்தும் என்றுதான் மனசு போகும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது மூத்தவள். அம்மா கடையைக் கவனிக்கப் போய்விடுவாள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தது அக்காதான். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்யும் அத்தானுக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டுமே நடக்கத் தொடங்குமுன் வாந்தி பேதியில் போய்விட்டன. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கயல் பிறந்த செய்தி போனதும், "ரெண்டும் ஒண்ணா வந்து பெறந்திருக்கு" என்று அக்கா சொன்னதாக அத்தான் எழுதியிருந்தார்.

அடுத்து ஒரு கடிதம் வந்தது. "மாப்ள, நம்ம வீட்டுக்குள்ளயே குழா வந்திருச்சு. தெருவுல முதல் குழா நம்ம வீட்டுலதான். நீங்க குடும்பத்தோட வந்து பாக்கணும்" என்று. இரண்டு வருஷமாக முனிசிபாலிட்டிப் படி ஏறி இறங்கி அத்தான் அந்தக் குழாயை வாங்கியிருந்தார். குழாயைப் பார்க்க வரச்சொல்லிக் கடல் தாண்டி அழைப்பு அனுப்பியவர் உலகத்திலேயே எங்கள் அத்தான் ஒருவராகத்தான் இருக்கும்.

3

நான் இங்கே வந்து ஏழு வருஷம் கழித்துத்தான் போனோம். கயலுக்கு அப்போது ஐந்து வயது. கிளம்புமுன் இங்குள்ள டாக்டர் ஒருவர் என் மனைவி வள்ளியை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னார்: கொதிக்கவைக்காத தண்ணீர் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள், இந்தக் குளிரில் பிறந்த வயிறு அது, தாங்காது. வள்ளி அதைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாகப் பஸ்ஸில் வந்து அருப்புக்கோட்டையில் இறங்கினோம். தெருவெல்லாம் தறிச் சத்தம். வாசலில் அக்கா நிறைசொம்பும் கையுமாக நிற்கிறாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே நம் வழக்கம். கயலின் வாயருகே சொம்பைக் கொண்டுபோனாள். எனக்குப் பதறிவிட்டது. ஏழு வருஷம் ஆங்கிலத்தில் உழன்ற நாக்கு, டாக்டர் சொன்னதை அப்படியே தமிழாக்கித் துப்பியது.

"வேண்டாம்க்கா! ஒங்க வீட்டுல பிள்ள பச்சத் தண்ணி குடிக்க மாட்டா!"

படிக்கிற உங்களுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும். கொதிக்கவைக்காத தண்ணீர் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். ஆனால் நம் பக்கத்தில் உறவை முறித்துக்கொண்டு வெளியேறுகிறவன் வாசலில் நின்று சொல்லும் சொல் அல்லவா அது! பங்காளிச் சண்டையில், வரப்புத் தகராறில், பெண்ணைத் திருப்பி அனுப்பும்போது சொல்வது. எதிர்வீட்டு வாசலில் நின்ற பெண்கள் இரண்டு பேர் வாயில் கையை வைத்தார்கள். அக்கா சொம்பைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏந்தம்பி, நான் என்ன தப்புச் செஞ்சேன்?" என்றாள்.

விளக்கினேன். வள்ளி தாளை எடுத்துக் காட்டினாள். டாக்டர், கிருமி, வயிறு என்று என்னென்னவோ சொன்னோம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "சரிப்பா. வெந்நீ போட்டு ஆத்திக் குடுத்தாப் போச்சு" என்றாள். ஆனால் அடுப்படியில் வள்ளி தனியாக ஒரு பாத்திரம் வைத்து, தனியாகக் கொதிக்கவைத்து, தனியாக மூடிவைத்தபோதெல்லாம் அக்கா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்புமுன் அந்தப் பிள்ளைக்குத் தன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவள் கேட்கவில்லை. பிள்ளை விளையாடிவிட்டு வந்து "தாகம்" என்னும்போது அவள் கை தானாக டம்ளரைத் தேடிப் போகும், பிறகு நின்றுவிடும். இரண்டு நாள் இதைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

4

என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதன் ஒருவன் மதுரையில் தண்ணீர் சோதிக்கும் இடத்தில் வேலையாக இருந்தான். குழாய்த் தண்ணீரைச் சோதித்து நல்லதென்று காகிதம் வாங்கிவிட்டால் வள்ளியும் சம்மதிப்பாள், அக்கா கையால் பிள்ளை குடிக்கலாம். மதுரைக்குப் போய்க் குப்பி வாங்கிவந்தேன்.

குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். விடிந்ததும் கம்பியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, குழாயின் வாயைச் சுட்டேன். அத்தான் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, குழாவுக்குச் சூடம் காட்டுறீகளா?"

"கிருமி சாகணும் அத்தான்."

"நல்லாக் காட்டுங்க. ரெண்டு வருசம் அலைஞ்சு வாங்குன சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குப்பியின் வாயைத் தொடாமல் தண்ணீர் பிடித்து, காகிதத் தொப்பியை நூலால் கட்டி, அடுப்படி மாடத்தில் வைத்தேன். "இது பரீட்சைக்குப் போகுது, யாரும் தொடாதீக" என்று பெரிய அதிகாரிபோல் உத்தரவு போட்டேன். குளித்து, இட்லி சாப்பிட்டு, மரத்தூளில் புதைத்த ஐஸ்கட்டி வாங்கப் போய் வந்தேன். குப்பியைத் தூக்குவாளியில் ஐஸோடு வைத்து மதுரை பஸ்ஸைப் பிடித்தேன்.

நாலாம் நாள் காகிதம் வாங்கப் போனேன். சிநேகிதன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "என்னடா இது, எங்கடா பிடிச்சே? எண்ண முடியல" என்றான். மனிதர் குடிக்க ஏற்றதல்ல என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து முத்திரை குத்தியிருந்தது.

வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். பிசைந்த சோற்றோடு கை நின்றுவிட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "தெருவே நம்ம குழாவுலதான் பிடிக்குதுக மாப்ள" என்று மட்டும் சொன்னார். கையைக் கழுவினார், காகிதத்தை வாங்கிக்கொண்டு சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் முனிசிபாலிட்டிக்குக் கிளம்பினார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளை இனி இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கப்போவதில்லை என்ற துக்கம் என்றுதான் நினைத்தேன்.

5

சாயங்காலம் அத்தானோடு ஒருவர் சைக்கிளில் வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கிருமி கொல்லும் பிளீச்சிங் மருந்து போடுவதை மேற்பார்வை பார்க்கிறவர். ஒல்லி, காதில் பென்சில். கையில் சின்ன மரப்பெட்டி.

"சார், ஃபாரின்ல வேல பாக்குறீகளாம். ஒங்களுக்குத் தெரியாததில்ல. மருந்து போட்ட தண்ணியில இம்புட்டுப் பூச்சி எப்படி சார் உசுரோட இருக்கும்?"

காலையில் வந்த குழாய்த் தண்ணீர் அண்டாவில் மூடியிருந்தது. அதில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, பெட்டியிலிருந்த ஒரு திரவத்தில் சில சொட்டு விட்டார். தண்ணீர் மஞ்சளாக மாறியது.

"பாத்தீகளா? மஞ்சளா வந்தா மருந்து இன்னும் இருக்குன்னு அர்த்தம். சாயங்காலம் வரைக்கும் இருக்கு. இந்தப் பேப்பர்ல உள்ளது குழாத் தண்ணியே இல்ல சார். ஏதோ கம்மாயோ ஊருணியோ, அந்தத் தண்ணி."

நான் அவமானத்தில் சூடாகிவிட்டேன். "நானே என் கையால பிடிச்சேன்யா! குழாயைச் சுட்டுப் பிடிச்சேன்!"

அப்போது அடுப்படி நிலையில் அக்கா வந்து நின்றாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரச் சொல்லாதே தம்பி. நாந்தான் மாத்துனேன்."

"என்னத்த மாத்துன?"

"நீ ஐஸு வாங்கப் போனீல்ல. அன்னைக்குக் குழாத் தண்ணி லேசா செவப்பா வந்துச்சு. பிளீச்சிங் வாடை வேற. மருதைக்குப் பரீச்சைக்குப் போகுதுன்னு நீ சொன்ன. பரீச்சைக்குப் போற பிள்ளைய அழுக்குச் சட்டையோடயா அனுப்புவாக? அதக் கீழ ஊத்திட்டு, குப்பிய சாம்பல் போட்டுப் பளிச்சுன்னு வெளக்கி, நம்ம ஊருணித் தண்ணிய ஊத்துனேன். நான் குடிக்க வச்சிருந்தது. ஒரு தூசி கெடையாது, துணியில வடிகட்டுனது. நல்ல தண்ணிப்பா அது!"

 அப்புறம் அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடிப்பாவி! வீட்டுக்குள்ள குழா வாங்கிப் போட்டா, இவ இன்னும் ஊருணித் தண்ணியத்தான் குடிக்கா!" என்றார். மருந்துக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சோதனைச்சாலை மேதையான நான் மாடத்தில் வைத்துவிட்டுப் போன லட்சணத்தை எண்ணி நானும் சிரித்தேன். இனிக் கவலையில்லை, குழாய்த் தண்ணீரைப் பிள்ளை குடிக்கலாம் என்ற சந்தோஷம் வேறு.

அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப, ஊருணித் தண்ணியிலதான் அம்புட்டுப் பூச்சியும் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் மருந்துக்காரர்.

"சின்னப் பிள்ளைக குடிச்சா என்ன செய்யும்?"

அந்த மனிதருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. பாடம் ஒப்பிக்கிற உற்சாகத்தில், "வாந்தி பேதிதாம்மா. பெரியவுக தாங்கிக்கிருவாக. கைப்பிள்ளைக தாங்காது" என்றார்.

அத்தானின் சிரிப்பு நின்றது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

6

கொல்லையில் போய்ப் பார்த்தேன். கழுவிவைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பக் குழா ஏது? ரெண்டுக்கும் நாந்தான சங்குல ஊத்துனேன். அதுனாலயா தம்பி?"

ஆஸ்பத்திரியில் நோயாளியின் உறவினர்களிடம் பேசுவதற்கென்று எனக்கு ஒரு குரல் உண்டு. சமமான குரல், பாரமில்லாத குரல். அதே குரலில், "அப்படித் திட்டமாச் சொல்ல முடியாதுக்கா. எத்தனையோ காரணம் இருக்கும்" என்றேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் சொன்ன மாதிரிக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் "சரிப்பா" என்றாள்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. வள்ளியே கயலைக் கூட்டிக்கொண்டு வந்து, "மதினி, பிள்ளைக்கு ஒங்க கையால குடுங்க" என்றாள். அக்கா டம்ளரில் பிடித்தாள். பிள்ளையின் வாய்வரை கொண்டுபோனாள். முடியவில்லை. டம்ளரை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்ததில் தண்ணீர் அவள் சேலையிலேயே கொட்டியது. இத்தனை நாள் எதற்கு ஏங்கினாளோ அதைச் செய்ய அவளுக்கு இப்போது தைரியம் இல்லை.

"நீயே குடு தம்பி" என்றாள்.

நான் முதலில் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன். பிறகு இன்னொன்று பிடித்து, அவள் கையில் வைத்து, அந்தக் கையை என் கையால் பிடித்துக்கொண்டேன். கயல் மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் அத்தை" என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் இரண்டு. அக்கா அழுதாள். நானும்தான்.

அன்று முழுக்க அரை மணிக்கு ஒருதரம் பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "வலிக்கா தாயி? பெரட்டுதா?" கயலுக்கு ஒன்றும் புரியவில்லை, கூசுகிறதென்று சிரித்தாள். பஸ் ஏறும்போதுகூட ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒருமுறை தடவினாள்.

7

அத்தான் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். நூல் விலை, மழை இல்லாத சேதி, யார் வீட்டில் கல்யாணம். தெருவில் இப்போது எட்டு வீட்டில் குழாய். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்ல அவர் எழுதும் ஒரு வரி கடைசியில் இருக்கும்: "கயலுக்கு வயிறு சவுரியமா?" ஏழு வருஷமாக ஒரு கடிதத்திலும் அது தவறியதில்லை. கயல் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அத்தைக்கு ஏன் எப்பவும் என் வயிறு?" என்று கேட்பாள். அவளுக்கு என் ஆங்கிலத்திலும் சொல்ல முடியவில்லை, அவள் தமிழிலும் சொல்ல முடியவில்லை.

இந்தப் பத்திரிகை அத்தானின் கடைக்குப் போகும். மத்தியானம் வீட்டுக்கு எடுத்துப்போய் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவார். அதனால் அன்றைக்குக் கொல்லையில் சொல்லாமல் வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, நீ கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. அந்தத் தண்ணீராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; இனி எந்தச் சோதனைச்சாலையாலும் சொல்ல முடியாது. ஆனால் ஊரிலேயே எது நல்லதென்று எல்லோரும் சொன்னோமோ, அதைத் தேடிப் போய், வெயிலில் சுமந்து வந்து, துணியில் வடிகட்டி அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. என்னையும் அந்தக் கைதான் வளர்த்தது, அதேபோல் ஊருணித் தண்ணீரைத்தான் கொடுத்து வளர்த்தது, நான் இருக்கிறேன்.

அத்தான், இந்த இடத்தை மட்டும் அவளுக்கு ரெண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.